சிறு கோஷ்டியாய்ப் பூட்டானுக்கு

வங்காளத்தின் வடகோடியில், தேயிலைத் தோட்டங்களும் சால மரக் காடுகளும் இமயத்தின் அடிவாரத்தைத் தொடுகின்ற இடத்தில், ஜெய்காவ் என்றோர் ஊர் இருக்கிறது. லாரிகளும் ரிக்ஷாக்களும் துணிக்கடைகளும் மிட்டாய்க் கடைகளும் ஒன்றையொன்று நெருக்கித் தள்ளும் அதன் கடைத்தெருவின் ஓரத்தில், வர்ணம் தீட்டிய மரவேலைகளும் டிராகன் உருவங்களும் அலங்கரிக்கும் வாயில் ஒன்று நிற்கிறது. அதற்கு இப்பால் இந்தியா. அப்பால் பூட்டான் ராஜ்யத்தின் புண்ட்ஷோலிங் நகரம். இடையில் ஆறுமில்லை, மலையுமில்லை. ஆயினும் அப்புறம் சென்றவுடன் கடிகாரத்தை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெருவின் இரைச்சல் அடங்கிவிடுகிறது. பாதசாரி ஒருவர் வெள்ளைக் கோடுகளின்மீது கால் வைத்தால் வருகிற மோட்டார்கள் தாமே நின்று வழிவிடுகின்றன. ஒரு சமூகம் தன் தெருவை எப்படி வைத்துக்கொள்வது என்று ஒருமனதாகத் தீர்மானித்துவிட்டால் எத்தனை மாறுதல் நிகழக்கூடும் என்பதற்கு, அருகருகே நிற்கும் இவ்விரண்டு ஊர்களே பிரத்தியட்ச சாட்சி.

வேன் ஒன்றில் நெருக்கமின்றி உட்காரக்கூடிய சிறு கோஷ்டி எங்களுடையது. திருச்சியிலிருந்து வந்த ஒரு தம்பதி, கோயம்புத்தூரில் பஞ்சாலை இயந்திரங்களோடு வாழ்நாளைக் கழித்த பெரியவர் ஒருவர், புகைப்படக் கலையில் ஈடுபாடு கொண்ட இரண்டு வாலிபர்கள், ஓய்வு பெற்ற சரித்திர ஆசிரியை ஒருவர் என, முன்பின் அறிமுகமில்லாதவர்கள் சேர்ந்த கூட்டம். வாயிலுக்கு அப்புறம் எங்களை எதிர்கொண்ட வழிகாட்டி, முழங்கால் வரை இறங்கும் ‘கோ’ என்னும் அங்கியை இடையில் இறுக்கிக் கட்டி, நீண்ட காலுறை அணிந்த இளைஞர். தம் பாஷையில் மரியாதைக்காகச் சொல்லின் இறுதியில் ‘லா’ சேர்த்துப் பேசுவது அவர்கள் வழக்கம். நாங்கள் ஆசிரியையை ‘டீச்சரம்மா’ என்று அழைப்பதைக் கேட்டுக்கொண்டே வந்தவர், மலை ஏறத் தொடங்குவதற்குள் அவரும் ‘டீச்சரம்மா லா’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார். பெரிய பஸ்ஸில் பிரயாணிகள் இலக்கங்களாகிவிடுகிறார்கள். சிறு கோஷ்டியில் ஒவ்வொருவருக்கும் உறவுமுறை ஒன்று தானே அமைந்துவிடுகிறது.

புண்ட்ஷோலிங்கிலிருந்து தலைநகரான திம்பு வரை செல்லும் சாலை, வளைந்து வளைந்து, மேகத்துக்குள் புகுந்து, மீண்டும் வெளிப்பட்டு, ஒரு நாளின் பெரும் பகுதியை எடுத்துக்கொள்கிறது. இந்தச் சாலையே அந்நாட்டின் நவீன சரித்திரம் என்று சொல்லலாம். 1958-ஆம் ஆண்டில் ஜவாஹர்லால் நேரு பூட்டானுக்கு விஜயம் செய்தபோது அங்கே மோட்டார் செல்லும் பாதை கிடையாது. சிக்கிமிலிருந்து நாதுலா கணவாயைத் தாண்டி, திபெத்தின் சும்பிப் பள்ளத்தாக்கில் இறங்கி, மலைப்பாதையில் பல நாள் பிரயாணம் செய்தே அவர் பாரோவை அடைந்தார். அவருக்கு விருந்தளித்த மூன்றாவது மன்னர் ஜிக்மே டோர்ஜி வாங்சுக், தம் தேசம் உலகத்திலிருந்து இனியும் ஒதுங்கியிருக்க இயலாது என்று உணர்ந்திருந்தார். 1961-இல் இந்திய எல்லைச் சாலை அமைப்பின் ‘தந்தக்’ பிரிவு வேலையைத் தொடங்கி, பாறையைப் பிளந்து இந்தப் பாதையை அமைத்தது. இன்றும் திருப்பங்களில், மெதுவாகச் செல்லும்படி அறிவுரை கூறும் அதன் மஞ்சள் பலகைகளைக் காணலாம். நேரு பல நாளில் அடைந்த நாட்டை நாம் காலையில் புறப்பட்டு மாலையில் அடைகிறோம் என்ற நினைவு, வண்டியின் குலுக்கலைப் பொருட்படுத்தாமல் இருக்கச் செய்கிறது.

சூஸோம் என்னும் இடத்தில் பாரோ நதியும் திம்பு நதியும் கூடுகின்றன. அந்தச் சங்கமத்தில் மூன்று ஸ்தூபிகள் அருகருகே நிற்கின்றன: ஒன்று பூட்டானிய முறையிலும், ஒன்று திபெத்திய முறையிலும், மற்றொன்று நேபாள முறையிலும் கட்டப்பட்டவை. வண்டியை நிறுத்தி, மூன்றையும் எங்களுக்குச் சுட்டிக் காட்டி, அவற்றின் அமைப்பு வேறுபாட்டை வழிகாட்டி விளக்கினார். அவர் நிறுத்தச் சொல்லியிராவிட்டால் அவற்றை நாங்கள் கண்டிருப்போமே ஒழிய, பார்த்திருக்க மாட்டோம். அங்கிருந்து மேலே, ஐப்பசி மாதத்து வெயிலில், வீட்டுக் கூரைகளின்மீது சிவப்பு மிளகாய் காய்ந்துகொண்டிருந்தது. மிளகாய் அந்நாட்டில் காரத்துக்காகச் சேர்க்கும் பொருளன்று, அதுவே காய்கறி. மிளகாயையும் பாலாடைக் கட்டியையும் சேர்த்து வேகவைக்கும் ‘எமா தட்ஸி’, சிவப்பரிசிச் சோற்றோடு அவர்களுடைய நித்திய ஆகாரம். ஆந்திரத்துக் காரத்துக்கு அஞ்சாத திருச்சித் தம்பதி, முதல் வேளையில் அதற்கு அஞ்சினார்கள். மறுநாள் அதையே கேட்டு வாங்கி உண்டார்கள்.

திம்பு நகரத்தில் போக்குவரத்து விளக்கு கிடையாது. ஒரு சமயம் வைத்ததையும் ஜனங்கள் விரும்பாமையால் எடுத்துவிட்டார்கள். முக்கியமான நாற்சந்தியில், சித்திர வேலைப்பாடு நிறைந்த சிறு மண்டபத்துக்குள், வெள்ளைக் கையுறை அணிந்த காவலர் ஒருவர் நின்று, நாட்டிய முத்திரை போன்ற கையசைவுகளால் மோட்டார்களை அனுப்பி வைக்கிறார். நகரத்தின் தென்புறத்தில், மூன்றாவது மன்னரின் நினைவாக அவருடைய அன்னையார் 1974-இல் எழுப்பிய வெண்ணிற ஸ்தூபி இருக்கிறது. காலை முதல் மாலை வரை வயோதிகர்கள் ஜபமாலையை உருட்டிக்கொண்டும், கைச்சக்கரத்தைச் சுழற்றிக்கொண்டும் அதை வலம் வந்தவண்ணம் இருக்கிறார்கள். வலம் வந்து களைத்து உட்கார்ந்த மூதாட்டி ஒருவர், மடியிலிருந்த சிறு பெட்டியைத் திறந்து, வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி, பாக்கை வைத்து மடித்து, பக்கத்தில் அமர்ந்திருந்த டீச்சரம்மாவிடம் நீட்டினார். ‘தோமா’ என்று அவர்கள் சொல்லும் இந்தத் தாம்பூலத்தில் சேரும் பாக்கு பச்சையாகப் பதப்படுத்தியது, மணம் கடுமையானது, வாயில் போட்டவுடன் குளிருக்கு இதமாக உடம்பில் சூடு ஏறுகிறது. இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்ட டீச்சரம்மாவுக்கும் கொடுத்தவருக்கும் பொதுவான பாஷை எதுவும் இல்லை. தாம்பூலம் கொடுத்தால் வாங்க வேண்டும் என்ற மரியாதை மாத்திரம் இருவருக்கும் பொதுவாக இருந்தது.

இங்கே, பிரயாணத்துக்கு ஆகும் பணத்தைப் பற்றிச் சொல்வது அவசியமாகிறது. ஏனெனில் பூட்டானில் பணக்கணக்கு என்பது அந்நாட்டின் கொள்கையோடு பின்னிப் பிணைந்தது. நான்காவது மன்னரின் முடிசூட்டு விழாவையொட்டி, 1974-இல்தான் அந்நாடு வெளிநாட்டு யாத்ரிகர்களுக்குத் தன் கதவைத் திறந்தது. திறந்த நாள் முதலே, வருவோர் குறைவாக இருக்க வேண்டும், வருவோரால் நாட்டுக்கு நன்மை மிகுதியாக இருக்க வேண்டும் என்ற நோக்கத்தைக் கைவிடவில்லை. பல்லாண்டுகள் தூரதேசத்தார் நாளொன்றுக்கு 250 டாலர் வரை கொடுத்தே வர முடிந்தது; இந்தியர்களுக்கோ கட்டணம் எதுவும் இல்லை. பெருந்தொற்றுக் காலத்தில் அடைத்த கதவை 2022 செப்டம்பர் 23-ஆம் தேதி மீண்டும் திறந்தபோது, இந்தியர்களுக்கும் இரவு ஒன்றுக்குத் தலைக்கு 1,200 ரூபாய் என்று நிலையான வளர்ச்சிக் கட்டணம் விதிக்கப்பட்டது. மற்ற தேசத்தார் பெரும்பாலோருக்கு அது 200 டாலராக இருந்து, 2023 செப்டம்பரில் 100 டாலராகக் குறைந்தது. ஆறு வயது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள இந்தியக் குழந்தைகளுக்குப் பாதி. அதற்குக் குறைந்தவர்களுக்கு இல்லை. ஆகவே எட்டு வயதுக் குழந்தையோடு ஐந்து இரவு தங்கும் தம்பதி, தங்குமிடத்தையும் உணவையும் எண்ணுவதற்கு முன்னரே, 15,000 ரூபாயை அரசாங்கத்துக்குச் செலுத்திவிட வேண்டும்.

இதற்கு மேற்பட்ட செலவுகள் மூன்று வகைப்படும். அறை, உணவு, ஆலயப் பிரவேசக் கட்டணம் முதலியவை தலைக்கு இவ்வளவு என்று ஆகிறவை; எத்தனை பேர் சேர்ந்தாலும் இவை குறைவதில்லை. வண்டி வாடகை, ஓட்டுநர் சம்பளம், வழிகாட்டியின் ஊதியம் ஆகியவை கோஷ்டிக்கு மொத்தமாக ஆகிறவை. இவற்றை எத்தனை பேர் பகிர்ந்துகொள்கிறார்களோ அத்தனைக்கு ஒருவரின் பங்கு குறையும். வெகுமதி, மட்டக்குதிரை, கைவினைப் பொருள் ஆகியவை அவரவர் மனத்தைப் பொறுத்தவை. சொந்த மோட்டாரில் சென்றால் இரண்டாவது வகையைத் தவிர்க்கலாம் என்று எண்ணுவோர் உண்டு. இந்திய மோட்டார் எல்லை நகரத்தைக் கடந்து உள்ளே செல்ல நாளொன்றுக்கு 4,500 ரூபாய் தனிக் கட்டணம் இருப்பதால் அதில் லாபம் இல்லை. இருவர் மாத்திரம் சென்றால் வண்டியும் வழிகாட்டியும் பெரும் பாரமாகிவிடும். ஆறு பேர் முதல் எட்டுப் பேர் வரை சேர்ந்தால் அந்தப் பாரம் கால் பங்குக்கும் மூன்றில் ஒரு பங்குக்கும் இடையில் வந்து நிற்கும். எட்டிலிருந்து இருபதாக உயர்த்தினாலோ, பெரிய வண்டி வேண்டும், இரண்டாவது உதவியாள் வேண்டும். மிச்சமாகும் தொகை சொற்பம். இழப்பது என்ன என்பதைப் புனாகாவில் கண்டேன்.

திம்புவிலிருந்து புனாகா செல்லும் வழியில், ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் தோச்சுலா கணவாய் இருக்கிறது. வானம் தெளிந்திருந்தால் வடக்கே பனிச் சிகரங்கள் வரிசையாகத் தோன்றும். அங்கே, வெண்சுவரும் செம்பட்டையும் கொண்ட 108 ஸ்தூபிகள் குன்று ஒன்றைச் சுற்றி அடுக்கடுக்காக நிற்கின்றன. 2003 டிசம்பரில், தென்னெல்லைக் காடுகளில் முகாமிட்டிருந்த இந்தியத் தீவிரவாதிகளைப் பூட்டான் படை வெளியேற்றியபோது உயிர் துறந்தவர்களின் நினைவாக, ராணிமாதா ஒருவர் எழுப்பியவை. வெற்றித் தூண் நாட்டாமல், இறந்தோருக்காகப் பிரார்த்தனை செய்யும் ஸ்தூபிகளை நாட்டிய அந்த மனப்பான்மை போற்றத்தக்கது.

கணவாயிலிருந்து இறங்க இறங்கக் குளிர் குறைந்து, வாழையும் ஆரஞ்சும் காணத் தொடங்குகின்றன. கீழே நெல் வயல்களில் அறுவடை நடந்துகொண்டிருந்தது. ஆண் நதி என்றும் பெண் நதி என்றும் அவர்கள் வழங்கும் போ சூ, மோ சூ இரண்டும் கூடும் இடத்தில், நாக்குப் போன்ற நிலமுனையில் புனாகா ஜோங் எழுந்து நிற்கிறது. ‘ஜோங்’ என்பது கோட்டையும் மடாலயமும் நிர்வாக ஸ்தானமும் ஒன்றாயிருக்கும் கட்டடம். பூட்டானை ஒரே தேசமாக இணைத்த ஷாப்த்ருங் நவாங் நாம்கியால் இதை 1637-இல் தொடங்கினார். 1907 டிசம்பர் 17-ஆம் தேதி முதல் மன்னர் உக்யென் வாங்சுக் இங்கேதான் முடிசூடினார். கடந்த நூற்றாண்டின் மத்தி வரை இதுவே தலைநகர். தீயும் பூகம்பமும் பலமுறை இதைச் சேதப்படுத்தின. 1994-இல் மலைமேல் பனி ஏரி உடைந்து வந்த வெள்ளமும் தாக்கியது. ஒவ்வொரு முறையும் பழைய முறைப்படியே புதுப்பித்திருக்கிறார்கள்.

மரப்பாலத்தைக் கடந்து செங்குத்தான படிகளை அடைந்ததும் வழிகாட்டி நின்றார். பையிலிருந்து மடித்த வெள்ளை வஸ்திரம் ஒன்றை எடுத்து உதறினார். ஆள் உயரத்தைவிட நீண்ட அந்தத் துணியை இடது தோளில் இட்டு, முதுகுப்புறமாகச் சுற்றி வலது இடுப்புக்குக் கொணர்ந்து, மடிப்பு ஒழுங்காக விழும்வரை இரண்டு மூன்று தரம் இழுத்துச் சரிசெய்தார். ‘கப்னே’ என்னும் இந்த அங்கவஸ்திரம் இல்லாமல் பூட்டானிய ஆடவர் ஜோங்குக்குள் நுழையலாகாது. வெள்ளை சாமானிய ஜனங்களுக்கு, ஆரஞ்சு மந்திரிகளுக்கு, காவி கலந்த மஞ்சள் மன்னருக்கும் தலைமைக் குருவுக்கும். “தினந்தோறும் வருகிறீர்களே, தினமும் இவ்வளவு ஒழுங்காகக் கட்டுவீர்களா?” என்று கோயம்புத்தூர்ப் பெரியவர் கேட்டார். “உங்களுக்கு இது சுற்றுலா, ஐயா, எனக்கு இது கோயில்” என்று அவர் பதில் சொன்னார். நம் ஊர்ச் சந்நிதிகளில் மேல்துண்டை இடுப்பில் இறக்கிக் கட்டிக்கொள்ளும் பெரியவர்களைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு, அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை.

உள்ளே, பெரிய தூண் மண்டபத்தின் சுவர்களில் புத்தர் சரித்திரம் வரிசையாகத் தீட்டப்பட்டிருக்கிறது. கபிலவாஸ்துவை விட்டு நள்ளிரவில் புறப்படும் காட்சியின் முன் எங்களை நிறுத்தி, தாழ்ந்த குரலில் வழிகாட்டி பேசினார். குதிரையின் குளம்பு ஒலி அரண்மனையை எழுப்பிவிடாதபடி தேவர்கள் அதன் கால்களைக் கைகளில் தாங்கிச் செல்வதை அவர் சுட்டிக் காட்ட, டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு அருகே சென்று, வெகுநேரம் பார்த்தார். அவ்வேளையில் நாற்பது ஐம்பது பேர் கொண்ட ஒரு கூட்டம் ஒரு வாயிலால் நுழைந்து, மண்டபத்தைச் சுற்றி, மற்றொரு வாயிலால் வெளியேறியது. அவர்கள்மீது குற்றமில்லை, பின்னால் நிற்பவருக்கு முன்னால் நிற்பவர் முதுகுதான் தெரிகிறது, வழிகாட்டியின் சொல் ஐந்தாவது ஆளைத் தாண்டி எட்டுவதில்லை, கடைசி ஆள் வந்து சேர்வதற்குள் முதல் ஆள் புறப்பட வேண்டியிருக்கிறது. அவர்களும் நாங்களும் கொடுத்த பிரவேசக் கட்டணம் ஒன்றே, தலைக்கு 500. கிடைத்தது ஒன்றல்ல. சிறு கோஷ்டிக்கென்று நாம் கூடுதலாகக் கொடுக்கும் தொகை மெத்தைக்கும் சொகுசுக்குமானதன்று. ஒரு சித்திரத்தின் முன் தடையின்றி நிற்கும் அவகாசத்துக்கானது.

வருவோரிடம் வரி வாங்கி, அவர்கள் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது தருமமா என்ற கேள்வியை மாலையில் திருச்சிக்காரர் எழுப்பினார். சத்திரங்களையும் அன்னசாலைகளையும் கட்டி, வழிப்போக்கருக்கு விலையின்றி அன்னமிட்ட மரபில் வந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழுவது இயல்பே. பொருளில்லாதவன் மலையைக் காணக் கூடாதா என்ற ஆட்சேபத்தில் நியாயம் உண்டு. நானும் அதை லேசாகத் தள்ளிவிட மாட்டேன். ஆனால் மலைக்கு ஒரு தாங்கும் சக்தி உண்டு. அதை நாம் கணக்கிடாமல் இருந்ததன் பலனை நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அனுபவித்துவிட்டோம்; கோடை நாட்களில் நகராமல் நிற்கும் மோட்டார் வரிசைகளைக் கண்டு, 2024 மே மாதத்திலிருந்து அவ்விரு ஸ்தலங்களுக்கும் மின்னணு அனுமதிச் சீட்டு வேண்டும் என்று சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட நேர்ந்தது. நாம் கெட்ட பிறகு செய்ததைப் பூட்டான் கெடுவதற்கு முன்பே செய்தது. தேசத்தின் பரப்பில் நூற்றுக்கு அறுபது பங்கேனும் என்றென்றும் வனமாகவே இருக்க வேண்டும் என்று தன் அரசியல் சாசனத்திலேயே எழுதி வைத்திருக்கும் நாடு அது; இன்றும் வனத்தின் பரப்பு அந்த எல்லைக்கு மேலேயே இருக்கிறது. வைத்தியமும் பள்ளிப் படிப்பும் ஜனங்களுக்கு இலவசமாக அளிக்கும் அரசாங்கத்தின் பொக்கிஷத்துக்கே அந்த 1,200 ரூபாயும் போய்ச் சேர்கிறது. ஆகவே அது தண்டமன்று; அவர்கள் காத்து வைத்த காட்டையும் நீரையும் நாம் அனுபவிப்பதற்கு ஈடு.

பாரோ பள்ளத்தாக்கு எங்கள் பிரயாணத்தின் சிகரம். வில்லோ மரங்கள் ஓரம் கட்டிய ஆறு, ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்ததென அவர்கள் போற்றும் கீச்சு ஆலயம், அதன் முற்றத்தில் பழுத்துத் தொங்கும் ஆரஞ்சு மரங்கள், எல்லாவற்றுக்கும் மேலே செங்குத்துப் பாறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் தக்சாங் மடாலயம். எட்டாம் நூற்றாண்டில் குரு பத்மசம்பவர் பெண்புலியின்மீது ஆரோகணித்துப் பறந்து வந்து இங்குள்ள குகையில் தவமிருந்தார் என்பது ஐதிகம். குகையைச் சுற்றி 1692-இல் எழுந்த ஆலயம் 1998-இல் தீக்கிரையாகி, 2005-இல் முன்போலவே மீண்டும் கட்டி முடிக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் தரையிலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது அது. பிரவேசக் கட்டணம் 2,000. சீட்டு வாங்குவதற்கு முன்பே வழிகாட்டி ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்டார்: முழங்கால் எப்படி, மூச்சு எப்படி, உள்ளே வரை வருவீர்களா? பாதி வழிச் சிற்றுண்டிச்சாலை வரை தாம் மட்டக்குதிரையில் வந்து, அங்கிருந்தே தரிசித்துக்கொள்வதாக டீச்சரம்மா சொன்னார். அவருக்குச் சீட்டு வாங்கவில்லை. இறக்கத்தில் குதிரையில் யாரையும் ஏற்றுவதில்லை என்பதையும் முன்கூட்டியே சொல்லி, இறங்குவதற்கு ஊன்றுகோல் ஒன்றை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தார்.

பைன் மரங்களினூடே, மரத்துக்கு மரம் கட்டிய ஐந்து நிறப் பிரார்த்தனைக் கொடிகளின் கீழே நடந்தோம். பாதி வழியில் டீச்சரம்மாவைக் கனிந்த வெயிலில், எதிர்ப் பாறையில் ஆலயம் முழுவதும் தெரியும் இடத்தில் உட்காரவைத்துவிட்டு, மற்றவர்கள் மேலே சென்றோம். பாதை ஆலயத்துக்கு எதிரே உயரம் ஏறி, பிறகு நூற்றுக்கணக்கான படிகளில் இறங்கி, அருவி ஒன்றின் அடியில் பாலத்தைக் கடந்து, மறுபடி ஏறுகிறது. வாயிலில் காமிராவையும் தொலைபேசியையும் பையையும் பெட்டகத்தில் வைத்துவிட வேண்டும். படமெடுப்பதற்கென்றே வந்த வாலிபர்கள் இருவரும் முதலில் முகம் வாடினார்கள். உள்ளே நெய்விளக்கின் முன் சம்மணமிட்டு அமர்ந்தபின், எழுந்து வர எல்லோரிலும் அதிக நேரம் எடுத்துக்கொண்டவர்கள் அவர்களே.

பூட்டான் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு என் விண்ணப்பம் இதுதான். கடவுச்சீட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ கையில் இருக்கட்டும். ஆதார் அட்டையை அங்கே பிரயாண ஆவணமாக ஏற்பதில்லை. முன்பணம் கட்டுவதற்கு முன், ஏற்பாடு செய்பவரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: கோஷ்டியில் அதிகபட்சம் எத்தனை பேர், சொல்லும் தொகையில் அரசாங்கக் கட்டணம் அடங்குமா, ஆலயப் பிரவேசக் கட்டணங்கள் அடங்குமா, ஆள் குறைந்தால் தொகை உயருமா. தனி அறை வேண்டுவோர் அதற்கான கூடுதலையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். கட்டணங்கள் மாறக்கூடியவை, நான் கூறியவை நான் சென்ற காலத்துக் கணக்கு. எட்டுப் பேருக்கு மேற்பட்ட கோஷ்டியில் சேராதீர்கள். செலவைக் குறைக்க வேண்டுமானால் ஓர் இரவைக் குறையுங்கள், ஓர் ஊரைக் குறையுங்கள், வழிகாட்டியைக் குறைக்காதீர்கள். 1,200 ரூபாயை முகம் சுளிக்காமல் கொடுங்கள். நம் மலைகளுக்கும் அத்தகைய ஒழுங்கு ஒன்று வரும் நாளில், அதையும் அப்படியே கொடுக்கச் சித்தமாயிருங்கள்.